எட்டாம் வீட்டு நாற்காலி

நாற்காலி உள்ளே வந்துவிட்டது. இப்போது மனைவியால்தான் வெளியே வர முடியவில்லை.

"என்னங்க, பாத்ரூம் கதவு திறக்க மாட்டேங்குது. ஏதோ இடிக்குது."

"நாற்காலி இடிக்குது."

"நம்ம வீட்ல ஏது நாற்காலி?"

"இப்பத்தான் வாங்கிட்டு வந்தேன். பிரம்பு நாற்காலி. நல்ல சாய்மானம்."

உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"சரி, சாய்மானத்தோட சேத்து அதை அந்தப் பக்கம் தள்ளுங்க."

தள்ளலாம்தான். ஆனால் நாற்காலியைத் தள்ள மடக்குக் கட்டிலை மடக்கிச் சுவரோடு நிறுத்த வேண்டும். கட்டிலை மடக்க அதன் மேல் கிடக்கும் இரண்டு மூட்டையையும் ஒரு சூட்கேஸையும் ஐந்து தலையணையையும் கீழே இறக்க வேண்டும். கீழே இறக்கத் தரை வேண்டும். தரையில் நாற்காலி இருந்தது.

கடைசியில் அவர் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கட்டிலோரமாக ஒண்டி நிற்க, மனைவி ஈரத்தலையோடு அவர் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள்.

"இதுல உக்காரப் போறீங்களா, இல்ல இப்படியே தூக்கிட்டு நிக்கப் போறீங்களா?"

"எட்டாம் வீட்ல மட்டும் நடு வீட்ல நாற்காலி போட முடியுது. நமக்கு ஏன் முடியாது?"

"ஓ," என்றாள் மனைவி. "அந்தக் கதையா."

அந்தக் கதைதான்.

பழைய மரக்கிடங்கு இருந்த இடத்தில் எதிரும் புதிருமாக ஆறு ஆறாகப் பன்னிரண்டு குட்டி வீடுகள். நடுவில் முற்றம், அதில் எல்லாரும் உட்கார நீள மேசை, மூலையில் பொதுவான துணி துவைக்கும் அறை. பன்னிரண்டையும் வரைந்தவர் இவர்தான். ஏழாம் வீட்டில் குடியிருப்பவரும் இவர்தான். வரிசையில் யாரும் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; முதுகுக்குப் பின்னால் 'அங்குலம்', முகத்துக்கு நேரே 'அங்குலம் சார்'. எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்குலத்தில் கொண்டுபோய் முடிப்பார்.

பெருமைப்படக் காரணம் இருக்கத்தான் செய்தது. சுவரெல்லாம் அழுத்திச் செய்த மண்கட்டி. வெயிலுக்கு வீடு சூடாகாது. கூரையில் விழும் மழைத் தண்ணீர் தொட்டிக்குப் போகும். பாத்திரம் கழுவும் தண்ணீர் முற்றத்துக் கத்தரிச் செடிக்குப் போகும். விளக்குக்கு வெயிலிலிருந்து மின்சாரம். ஒரு சாதாரண வீடு கட்டும் செலவில் மூன்று வீடு. ஒவ்வொன்றும் இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், தலைக்கு மேலே வீட்டின் பாதி நீளத்துக்கு ஒரு பரண். பன்னிரண்டும் ஒரே அச்சு. ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடக் கூடாது என்பதற்காகவே அப்படி வரைந்ததாக அங்குலம் கூட்டங்களில் சொல்வார். கைதட்டுவார்கள்.

குடியிருப்போருக்கு ஒரு கையேடும் எழுதியிருந்தார், பத்தொன்பது விதிகளோடு. மூன்றாவது விதி: கதவுக்குப் பூட்டு வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர்தான் பூட்டு. நான்காவது: ஒரு வீட்டின் காலி இடம் அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, வரிசைக்கே சொந்தம். ஒன்பதாவது: சண்டை போடுபவர்கள் முற்றத்துக்கு வந்து போடவும், எல்லாரும் கேட்க வசதியாக. படிக்க நன்றாக இருக்குமே என்று எழுதியது. அச்சாகி வந்த பிறகு அவரே அதைப் புரட்டிப் பார்த்ததில்லை.

இப்போது நகரசபை, பக்கத்துக் காலி மனையில் இதே போல அறுபது வீடு கட்ட இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. வருகிற சனிக்கிழமை அதிகாரி வந்து ஒரு வீட்டை உள்ளே நுழைந்து பார்ப்பார். பிடித்துவிட்டால் அதுதான் மாதிரி வீடு. வாசலில் வீட்டுக்காரரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் அறுபது வீட்டுத் திட்டப் புத்தகத்தின் அட்டையில் வரும்.

அந்த வாசலில் தான் நிற்பதாக அங்குலம் பென்சிலை முதன்முதலில் சீவிய நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தார். எந்தச் சட்டை என்பது வரை முடிவாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் கூட்டம் கூடியது. குடியிருப்போர் சங்கத் தலைவி, ஓய்வு பெற்ற நர்ஸம்மா, எந்த வீட்டைக் காட்டலாம் என்று கேட்டார்.

பதினொரு கை எட்டாம் வீட்டுக்குத் தூக்கியது. ஏழாம் வீட்டுக்கு ஒரு கை. அந்தக் கை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கையைத் தூக்கவே இல்லை.

"கை வலிக்குதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதில் கேட்டார்.

"வீட்டுக்கு ஒரு ஓட்டுதானே? நீங்கதான் விதி எழுதினீங்க."

எட்டாம் வீட்டில் பஸ் டிரைவர், அவர் மனைவி, ஆறு வயதுப் பெண், மாமனார் என்று நாலு பேர். ஏழாம் வீட்டில் இரண்டே பேர். ஆனால் எட்டாம் வீட்டுக்குள் போனால் நடு வீட்டில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் கால் மேல் கால் போட்டு மாமனார். அவரைச் சுற்றி நாலாபக்கமும் வெறும் தரை. அந்தத் தரையில் பேத்தி கயிறு தாண்டிக்கொண்டிருப்பாள். வீட்டுக்குள்ளே! ஏழாம் வீட்டிலோ ஒரு தும்மல் போட்டால் நாலு சாமான் சரியும்.

மாமனார் யாரோடும் பேசி யாரும் கேட்டதில்லை. வருகிறவர்களைப் பார்த்து மெதுவாக ஒரு கையைத் தூக்கி இறக்குவார், ராஜா தரிசனம் கொடுப்பது போல. அந்தக் கை தூக்கல்தான் அங்குலத்தின் வயிற்றில் அமிலம் ஊற்றியது. என் வீடு, நான் வரைந்த வீடு, அதில் உட்கார்ந்துகொண்டு எனக்கே கை தூக்குகிறான் என்று பல நாளாகப் பொருமிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலையும் நேரத்தில் நர்ஸம்மாவை மடக்கினார்.

"அஞ்சு நாள் டயம் குடுங்க. வெள்ளிக்கிழமை வந்து என் வீட்டைப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

நர்ஸம்மா அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். மனைவி வேறு பக்கம் பார்த்தாள்.

"சரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரேன்," என்றார் நர்ஸம்மா.

அன்றைக்கே வாங்கிய நாற்காலிதான் மேலே சொன்ன நாற்காலி.

"முதல்ல இந்த மூட்டையெல்லாம் பரண்ல ஏத்து," என்றார் அங்குலம்.

"பரண் நிறைஞ்சிருக்கு."

"நம்மகிட்ட அவ்வளவு சாமான் ஏது?"

"நம்பிக்கை இல்லன்னா ஏறிப் பாருங்க."

அவர் ஏற மாட்டார். ஏணியில் மூன்றாவது படியைத் தாண்டினால் அவருக்குத் தலை சுற்றும். பன்னிரண்டு பரண் வரைந்த மனிதர் ஒரு பரணையும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. இது மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை முழுக்க யோசித்ததில் ஒரு சந்தேகம் முளைத்தது. எட்டாம் வீடு ஏன் பெரிதாகத் தெரிகிறது? பெரிதாக இருப்பதால்தான்! கொத்தனார் ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கிறான். என் சுவரை ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறான். நினைத்த மாத்திரத்தில் அவருக்கு உற்சாகம் பிறந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு எட்டாம் வீட்டு வாசலில் நின்றார்.

"சுவர்ல ஈரம் இறங்கியிருக்கான்னு பாக்கணும்," என்றார் டிரைவரிடம்.

"வாங்க சார், வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க."

அந்த உபசாரமே அவருக்குக் குத்தியது. டேப்பைப் பிடித்தார். நாற்காலிக்கு அடியில் டேப் போக வேண்டியிருந்தது. மாமனார் இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டார். அளந்து முடிக்கும் வரை காலைக் கீழே போடவில்லை. அவ்வளவு மரியாதை.

இருபதடி. பன்னிரண்டடி. மூன்று முறை அளந்தார். ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

"என்ன சார், ஏதாவது குறையா இருக்கா?" என்று டிரைவர் பயந்துபோய்க் கேட்டார்.

"ஒண்ணும் குறையல. அதான் குறை."

"எங்க வீடு இப்படி இருக்குன்னா அதுக்கு முழுக்க முழுக்க நீங்கதான் சார் காரணம். தினமும் சொல்லிப்போம். இல்லையா மாமா?"

மாமனார் கையைத் தூக்கினார்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். எட்டாம் வீடு பெரிதாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். ஒரே அளவு என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதே இருபதடியில் அவர்கள் கயிறு தாண்டுகிறார்கள், நாம் பக்கவாட்டில் நடக்கிறோம்!

"நக்கல் பண்றான்," என்றார் மனைவியிடம். "முழுக்க நீங்கதான் காரணமாம். குத்திக்காட்டுறான்."

"பாவம், மனசாரத்தான் சொல்லியிருப்பாரு," என்றாள் மனைவி. சிரிப்பை அடக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்ணாடி வைத்தால் இடம் இரட்டிப்பாகத் தெரியும் என்பது அவர் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். புதன்கிழமை ஆள் வைத்து ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தார். இடம் இரட்டிப்பாகவில்லை. சாமான் இரட்டிப்பானது. இரண்டு மூட்டை நாலு மூட்டையாகவும், ஐந்து தலையணை பத்தாகவும் தெரிந்தன. அதோடு சாப்பாட்டு மேசை அந்தச் சுவரிலிருந்துதான் மடங்கி இறங்கும்; கண்ணாடிக்காக அதைக் கழற்றியாகிவிட்டது. அன்று இருவரும் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது எதிரே இரண்டு பேர் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது மனைவிக்குக் கூச்சமாக இருந்தது.

கை கழுவத் திரும்பியவர், எதிரே வந்த ஆளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அந்த ஆளும் ஒதுங்கினான்.

"போங்க, நீங்க முதல்ல போங்க," என்றாள் மனைவி. "அவர் உங்களுக்குத்தான் காத்துட்டிருக்காரு."

வியாழக்கிழமை தியாகத்தில் இறங்கினார். இருபத்தெட்டு வருஷமாகச் சேர்த்த தொழில் புத்தகங்கள், வரைபடச் சுருள்கள், ஒரு காலத்தில் பரிசாக வந்த மரக் கேடயங்கள் எல்லாவற்றையும் கட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று முற்றத்து மேசையில் வைத்தார். சுவர் அலமாரியின் நாலு தட்டும் காலி. நெஞ்சு வலித்தது. ஆனால் பரவாயில்லை, அந்த வாசலுக்காக எதையும் விடலாம்.

மத்தியானம் டிரைவரின் மனைவி, "அக்கா, ஒரு நிமிஷம்," என்று ஒரு பெரிய பையோடு வந்துவிட்டுப் போனாள். அவர்கள் அடிக்கடி இப்படி வருவது அவருக்கும் தெரியும். நம் வீட்டைப் பார்த்துத்தான் ஏதோ கற்றுக்கொண்டு போகிறார்கள் என்று அந்தக் கடுப்பிலும் ஒரு சின்னத் திருப்தி அவருக்கு உண்டு.

சாயங்காலம் அலமாரியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாலு தட்டும் நிறைந்திருந்தன. கம்பளிகள், ஒரு பெரிய அண்டா, சுருட்டிய பாய்கள், ஒரு கூடை நிறையப் பொம்மைகள்.

"இதெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"தட்டு காலியா இருந்துச்சு, வெச்சேன்."

"பொம்மை கூடவா?"

"அதுவும் சாமான்தானே?"

"நீ எனக்குத் தெரியாம கடை கடையா வாங்கிட்டிருக்கே!"

"இந்த வருஷம் நான் ஒரு ஊசி கூட வாங்கல. கடைசியா இந்த வீட்டுக்கு வாங்கினது உங்க நாற்காலியும் உங்க கண்ணாடியும்தான்."

உண்மைதான். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. வீடே குட்டி போடுகிறதோ என்று அவருக்கு ஒரு கணம் பயம் வந்தது. போன மாதம் பழைய சூட்கேஸ்களைத் தூக்கிப் போட்டபோதும் இப்படித்தான், மறுநாளே அந்த இடத்தில் ஒரு மூட்டை வந்து உட்கார்ந்தது. காலி பண்ணக் காலி பண்ண நிறைகிற வீட்டை அவர் தொழிலில் கேள்விப்பட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை. கடைசி அஸ்திரம். வாசல் கதவு உள்பக்கமாகத் திறப்பதால் அது சுழலும் இடம் அத்தனையும் வீண். தச்சரைக் கூப்பிட்டுக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டினார். மாட்டி முடித்ததும் உள்ளே தாராளமாக ஒரு ஆள் நிற்க இடம் கிடைத்தது. ஐந்து நாளில் முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த உற்சாகத்தில் கதவை ஒரே தள்ளாகத் தள்ளித் திறந்தார்.

வெளியே, தட்டுவதற்காகக் கையை ஓங்கியபடி நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார்.

நெற்றியில் பனிக்கட்டியை ஒத்திக்கொண்டு முற்றத்து மேசையில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா சொன்னார்: "முப்பத்தோரு வருஷம் அவசர சிகிச்சைப் பிரிவுல வேலை பாத்தேன். எல்லாரும் அடிபட்டு வருவாங்க, நான் கட்டு போடுவேன். எனக்கே கட்டு போட வெச்சது நீங்கதான் சார்."

"வீட்டை உள்ள வந்து ஒரு தடவை..."

"எட்டாம் வீடு. முடிஞ்சுபோச்சு."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி அம்மா வந்தார். கூடவே திட்டக் கோப்பைச் சுமந்துகொண்டு ஒரு குமாஸ்தா. அவர் கழுத்தில் கேமரா தொங்கியது. வரிசையே முற்றத்தில் கூடியிருந்தது. அங்குலம் மட்டும் கூட்டத்தின் கடைசியில் நின்றார். எந்தச் சட்டை என்று முடிவு பண்ணி வைத்திருந்தாரோ அதைத்தான் போட்டிருந்தார். அது அவர் மனதுக்கே கொஞ்சம் கேவலமாக இருந்தது. டிரைவர் எட்டாம் வீட்டு வாசலில் தலை வாரி நிற்பதைப் பார்க்க முடியாமல் கத்தரிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேங்கப்பா!" என்று உள்ளேயிருந்து அதிகாரியின் குரல் கேட்டது. "எவ்வளவு தாராளமா இருக்கு!"

கத்தரிச் செடியில் ஒரு இலையைக் கிள்ளினார்.

"நாலு பேரா இருக்கீங்க? இங்கயா?"

இன்னொரு இலை.

"அப்போ துணிமணியெல்லாம் எங்க?"

கை நின்றது.

"எங்களுக்குச் சாமான் கம்மி மேடம்," என்றது டிரைவரின் குரல்.

"கம்மின்னா? அலமாரில நாலே நாலு சட்டை தொங்குது. குழந்தை இருக்கு, ஒரு பொம்மை இல்ல. பரண் காலி. போத்திக்க ஒரு கம்பளி கூட இல்லையே?"

அங்குலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். அப்படிக் கேளுங்க, நல்லாக் கேளுங்க என்று அவர் மனம் துள்ளியது. ஒரு வாரமாக எரிந்த வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதிகாரி வெளியே வந்தார். முகம் மாறியிருந்தது.

"இதுல ஆளுங்க குடியிருக்கற மாதிரியே தெரியலையே. எனக்குக் காட்டறதுக்காகக் கழுவித் தொடைச்சு வெச்சிருக்கீங்க. நிஜமா வாழ்ந்தா இந்த வீடு தாங்குமா தாங்காதான்னு நான் எப்படி எழுதறது? அறுபது குடும்பத்தை நம்பி உள்ள விடணும்." குமாஸ்தாவைப் பார்த்து, "கோப்பை மூடுங்க," என்றார்.

அங்குலத்தின் துள்ளல் பாதியில் நின்றது. போவது எட்டாம் வீட்டின் மானம் மட்டுமல்ல, தன் அறுபது வீடும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"வடிவமைச்சவர் யாரு?" என்றார் அதிகாரி.

பதினொரு விரல் அவரைக் காட்டியது.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"பக்கத்துல... ஏழுல. ஆனா மேடம், அது இப்ப..."

"அதைப் பாக்கலாம்."

"வேண்டாம் மேடம்," என்று அவரும் அவர் மனைவியும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன அபூர்வமான தருணம் அது.

அதிகாரி கேட்கவில்லை. கதவு வெளிப்பக்கம் திறக்கும் என்று தெரியாமல் இரண்டு முறை உள்ளே தள்ளிப் பார்த்து, பிறகு பக்கவாட்டில் நுழைந்தார். எதிரே கண்ணாடியில் தெரிந்த அம்மாளுக்கு வணக்கம் சொன்னார். பிறகு நடக்க இடமில்லாததால் பிரம்பு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்குலத்துக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"அலமாரியைத் திறங்க."

திறந்தார். கம்பளி, அண்டா, பாய், பொம்மை.

"அடுப்பு மேடைக்கு அடில?"

இழுப்பறை முழுக்கப் பாத்திரம்.

"பரண்?"

அவர் ஏணியைப் பார்த்தார். ஏணி அவரைப் பார்த்தது. நல்லவேளையாகக் குமாஸ்தாவே மேலே ஏறிப் பரணின் தட்டிக் கதவைத் தள்ளினார். ஏறின மனிதரின் வாயிலிருந்து ஒரு நீண்ட விசில் வந்தது.

"மேடம், கூரை வரைக்கும் இருக்கு. ஆனா என்னமா அடுக்கியிருக்காங்க! கட்டம் கட்டமா. ஒரு ஹார்மோனியம். மூணு மின்விசிறி. ஒரு தொட்டில். ஒரு மரக்குதிரை. பெரிய டிரங்குப் பெட்டி ஒண்ணு, நீலக் கலர்..."

அங்குலம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். ஹார்மோனியமா? இவள் எப்போது ஹார்மோனியம் வாங்கினாள்? மனைவி பக்கம் திரும்பினார். அவள் தரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள்.

"பரண் வளைஞ்சிருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒரு நூல் வளையல மேடம். கல்லு மாதிரி நிக்குது."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து நாலாபுறமும் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி பரவியது.

"ரெண்டே பேர். இவ்வளவு சாமான். இத்தனையும் இந்த இருபதடிக்குள்ள அடங்கியிருக்கு, கட்டிலும் இருக்கு, அடுப்பும் எரியுது, பாக்கி ஒரு நாற்காலியும் போட்டிருக்கீங்க. இல்லையா?"

"ஆமா மேடம்," என்றார் அங்குலம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

"இதுதானே எனக்கு வேணும்! பக்கத்து வீட்ல சும்மா படம் காட்டினாங்க. இது குடும்பம் நடத்தற வீடு. எல்லாம் உங்க சாமான்தானா?"

"எல்லாமே எங்களோடதுதான் மேடம்."

"ஹார்மோனியம் வாசிப்பீங்களா?"

"மனசு பாரமா இருக்கறப்ப."

"தொட்டில்?"

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மனைவிக்கு நாற்பத்தெட்டு.

"முன்யோசனை மேடம்," என்றார். "வடிவமைப்புல அது முக்கியம்."

மனைவிக்குப் புரையேறியது. யாரோ முதுகில் தட்டினார்கள்.

அதிகாரி சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்தார். "மாதிரி வீடு, ஏழாம் நம்பர். அறுபதும் இதே அளவு, இதே பரண்," என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோப்பின் நாடாவை இறுக்கிக் கட்டினார்.

முற்றத்தில் கைதட்டல் எழுந்தது. நெற்றியில் கட்டுப் போட்டிருந்த நர்ஸம்மா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். டிரைவர் ஓடிவந்து இரண்டு கையாலும் அங்குலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மனிதனின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. பொறாமையில் அழுகிறான், அழட்டும் என்று நினைத்துக்கொண்டார் அங்குலம்.

குமாஸ்தா கேமராவைத் தூக்கினார். அங்குலம் தன் வாசலில், இத்தனை வருஷமாக நினைத்த சட்டையோடு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். எட்டாம் வீட்டைத் தோற்கடித்தாகிவிட்டது. நாற்காலி, கயிறு, கை தூக்கல் எல்லாம் மண்ணைக் கவ்வின. அந்தத் தோற்ற முகத்தை ஒரு தடவை கண்ணாரப் பார்த்துவிடலாம் என்று தலையைத் திருப்பினார்.

எட்டாம் வீட்டு நாற்காலி காலியாக இருந்தது. மாமனார் எழுந்து வந்து கூட்டத்தின் முன்வரிசையில் நின்றிருந்தார். வழக்கம் போல மெதுவாகக் கையைத் தூக்கினார். பிறகு, அந்த வீட்டு வரிசைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக, வாயைத் திறந்தார்.

"தம்பி, அந்த நீலப் பெட்டி என்னோடது, எனக்குக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. அங்க வைக்கலாமான்னு நான் பயந்தேன், உங்க சம்சாரம்தான் தைரியம் சொன்னாங்க: 'எட்டாம் வீட்டையே பாத்துட்டிருக்கற மனுஷன், சொந்தப் பரணை என்னைக்குப் பாக்கப் போறாரு, எல்லாத்தையும் கொண்டாங்க'ன்னு."